கயிற்றுக்காரனின் ஏதென்ஸ் பயணம்

அனாஃபித் தீவில் எல்லோரையும் ஏதென்ஸுக்கு வழியனுப்பியவன் பாண்டெலிஸ். கல்யாணத்துக்குப் போனவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், கோபித்துக்கொண்டு போனவர்கள், அத்தனை பேரும் போன கப்பலின் கயிற்றையும் அவிழ்த்துவிட்டவன் அவன்தான். பத்தொன்பது வருஷமாக அதுதான் வேலை. கப்பல் பின்பக்கமாக வந்து பலகையை இறக்கும். இரண்டு கயிறுகளில் ஒன்றை அவனும் மற்றதைக் கிழவர் யாக்குமிஸும் துறையிலுள்ள இரும்புக் குற்றிகளில் மாட்டுவார்கள். ஆட்கள் ஏறி முடித்துப் பலகை மேலே போகத் தொடங்கிய பிறகுதான் கயிற்றைக் கழற்ற வேண்டும். ஆகையால் ஊரில் யார் வேண்டுமானாலும் கப்பல் ஏறலாம், கயிற்றுக்காரன் ஏற முடியாது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் ஏறியே ஆக வேண்டியிருந்தது. மெல்போர்னில் இருக்கும் தம்பி மார்கோஸ் போன் செய்திருந்தான்.

"நாலு நாள் ஏதென்ஸ்ல இருப்பேன். இருபத்தாறாம் தேதி கிளம்பிடுவேன். தீவுக்கு வரமாட்டேன். பார்க்கணும்னா நீ வா."

பதினொரு வருஷத்தில் அவன் அண்ணனிடம் பேசியது அவ்வளவுதான். அப்பாவை அடக்கம் செய்த அன்று மார்கோஸ் அலறியடித்துக்கொண்டு கப்பலில் வந்தான். பாண்டெலிஸ் அப்பாவின் சவப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கயிற்றுக்கு ஆள் நிறுத்த வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. நல்ல காற்று. துறையில் யாக்குமிஸ் ஒருவர்தான். கப்பல் இரண்டு முறை வட்டமடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அடக்கத்துக்குக் கோயில் மணி அடித்ததைத் தம்பி கப்பலிலிருந்தே கேட்டானாம். "கயிறு பிடிக்க ஒரு ஆள் கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தினான். அன்றிலிருந்து காய்ச்சலில் கூட பாண்டெலிஸ் ஒரு கப்பலையும் தவறவிட்டதில்லை. யாருக்கு என்ன பிரயோஜனம்?

"இருபதாம் தேதிக் கப்பல்லயே போயிடலாம்" என்றாள் மனைவி கலியோப்பி. பயணம் என்று பேச்சு வந்த நாளிலிருந்தே அவள் கையில் பார்க்க வேண்டியதையும் வாங்க வேண்டியதையும் எழுதிய ஒரு சீட்டு இருந்தது. ஏதென்ஸ் நடுவிலுள்ள சிந்தாக்மா சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் விளக்கு மரம், மகள் அரெட்டிக்கு ஓடும் படிக்கட்டு, தனக்கு ஒரு ஜோடி செருப்பு. கல்யாணமான பிறகு அவள் ஏதென்ஸைப் பார்த்தது இரண்டே முறை, இரண்டும் ஆஸ்பத்திரிக்கு.

"இருபதாம் தேதி ஊருக்கே பண்டிகைச் சாமான் வருது. அதை எவன்கிட்ட விடறது? இருபத்துமூணுல போவோம்."

"இருபத்துமூணுல காத்து கிளம்பினா?"

"கிளம்பாது."

"காத்து உன் மாமன் மகன், சொன்னா கேட்டுக்கும்!"

காப்பிக்கடை ஃபோட்டிஸ் அவனுக்குப் பதிலாகக் கயிற்றில் நிற்கச் சம்மதித்தான். சமையலறையில் துணிக்கொடியை நாற்காலிக் காலில் மாட்டிப் பாண்டெலிஸ் பாடம் எடுத்தான். "கயிறு தொய்யறப்பதான் தூக்கணும். விறைப்பா இருக்கறப்ப தொட்டே, கை போச்சு. வளையத்துக்குள்ள காலை வைக்காதே." ஃபோட்டிஸ் மூன்று முறையும் காலை உள்ளேயே வைத்தான்.

"என்கிட்ட குடுத்துப் பாரேன்" என்றாள் கலியோப்பி, மாவுக் கையோடு. மீன்பிடிப் படகுக்காரர் மகள் அவள். ஆண்கள் இருவரும் சிரித்தார்கள்.

இருபத்துமூன்றாம் தேதி விடிந்தபோது ஜன்னல் கதவு அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த கப்பல் இருபத்தேழாம் தேதி. தம்பி அதற்குள் பறந்துவிடுவான். கலியோப்பி ஜன்னலைத் தாழிட்டுவிட்டு மூட்டைகளைக் கட்டத் தொடங்கினாள். தேனில் ஊறிய மெலோமகரோனா பலகார டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு துறைக்குப் போனார்கள்.

கப்பல் வந்தது. தன் கயிற்றை அவனே மாட்டினான், மற்றதை யாக்குமிஸ். கப்பலின் பின்பக்கம் அப்படியும் இப்படியும் ஆடியது, பலகை சிமெண்டில் நறநறவென்று தேய்ந்தது. "சீக்கிரம்! மூணு நிமிஷம்தான்!" என்று மாலுமி கத்தினான். கலியோப்பி மகளையும் மூட்டைகளையும் இழுத்துக்கொண்டு ஏறினாள். ஃபோட்டிஸ் கயிற்றுப் பக்கம் நாலு அடி வைத்தான். ஒரு அலை துறை மேல் ஏறி இடுப்பு வரை நனைத்தது. அவன் அப்படியே பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"என்னால ஆகாது, பாண்டெலிஸ். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

பாண்டெலிஸ் கயிற்றை விட்டு ஓடினால் கப்பல் கட்டியபடியே இழுபடும். கயிறு அறுந்தால் யாரையாவது வெட்டிப்போடும். போனது போகட்டும் என்று குற்றியருகே நின்றுவிட்டான்.

அப்போது பலகையில் யாரோ இறங்கி ஓடி வந்தார்கள். கலியோப்பி. தலைத்துணி காற்றில் போய்விட்டது.

"கையுறையைக் கழட்டு."

"நீ ஏறு, பைத்தியக்காரி!"

"தொய்யறப்பதான் தூக்கணும். வளையத்துக்குள்ள கால் வைக்கக்கூடாது. வேற ஏதாவது இருக்கா?"

"கலியோப்பி, உன் சீட்டு... செருப்பு..."

"செருப்பு எங்கேயும் ஓடாது, உன் தம்பிதான் ஓடிருவான். போய்யா!"

எழுதிய சீட்டை அவன் சட்டைப் பைக்குள் திணித்து முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். தூக்கத் தொடங்கிய பலகையில் பாண்டெலிஸ் நாலு கால் பாய்ச்சலில் ஏறி, திரும்பிப் பார்த்தான். கயிறு விறைத்து நின்றது. அவள் தொடவில்லை. "இரு, இரு" என்று அவன் உதடு முணுமுணுத்தது. கப்பல் ஒரு கணம் பின்னால் சாய்ந்தது, கயிறு தொய்ந்தது. அவள் குனிந்து வளையத்தைத் தூக்கி எறிந்தாள். பத்தொன்பது வருஷத்தில் கயிறு தண்ணீரில் விழுவதைக் கப்பலிலிருந்து அவன் முதல் முறையாகப் பார்த்தான்.

அரெட்டி அழுதுகொண்டே அவன் கையைப் பிடித்தாள். அவன் மறு கையால் தம்பியைக் கூப்பிட்டான்.

"ஏறிட்டேன்."

போனில் காற்றின் இரைச்சல் கேட்டிருக்க வேண்டும். மார்கோஸ் கேட்டான். "இந்தக் காத்துலயா? கயிறு யார்கிட்ட?"

"கலியோப்பிகிட்ட. அவ வரல. அங்கேயே நின்னுட்டா."



"சாயங்காலம் இங்க ஏதென்ஸ்ல, பிரேயஸ் துறையில நான் வந்து நிக்கறேன், அண்ணா" என்றான் மார்கோஸ்.