அக்காவின் அரங்கேற்றம்

எங்கள் வீட்டில் அக்காவின் அரங்கேற்றத்திற்கு எல்லாம் தயாராக இருந்தது, அக்காவைத் தவிர. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவள் சின்ன வயதிலிருந்தே மிருதங்கம் பழகினாள். அரங்கேற்றத்தன்று தனக்கு உடுப்பதற்கென்று அம்மா ஈஸ்ட் ஹாமில் ஒரு மயில்நீலக் காஞ்சிபுரம் வாங்கி, பெட்டியோடு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். ஆனால் அக்கா பதினேழு வயதில் மிருதங்கத்தை விட்டாள். பத்தொன்பதில் வீட்டையும் விட்டாள். லூயிஷாமில் வருடக்கணக்காக மூடிக்கிடந்த ஒரு கம்பளக் கடைக்குள் பூட்டை மாற்றிக் குடியேறியிருந்த ஒரு கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு அப்போது எட்டு வயது.

அப்பா அவளோடு கதைப்பதில்லை. அம்மா கதைப்பார். ஆனால் எடுத்த எடுப்பிலேயே “எப்ப வீட்டை வாறாய்?” என்றுதான் கேட்பார், அதனால் அந்தக் கதை நீளாது. ஒருநாள் அக்கா போனில் என்னிடம், சனிக்கிழமை பின்னேரம் தங்கள் பாண்ட் குழு முதல் தடவையாக ஆட்கள் முன்னால் வாசிக்கப்போகிறது, தான்தான் டிரம்ஸ் அடிக்கப்போவதாகச் சொன்னாள். அம்மாவிடம் மூச்சு விடாதே என்றும் சொன்னாள். எட்டு வயதுப் பிள்ளையிடம் அப்படிச் சொல்வதும் ஊருக்கே ஒலிபெருக்கி வைப்பதும் ஒன்றுதான். போனை வைத்த கையோடு நான் அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு ஓடினேன்.

அம்மாவுக்கு விளங்கியது இவ்வளவுதான்: மூத்த மகள், தாள வாத்தியம், முதல் மேடை. அப்படியென்றால் அது அரங்கேற்றம். பெற்ற தாய் போகாமல் எங்கேயாவது அரங்கேற்றம் நடக்குமா? தான் போய் நின்றால் பிள்ளை மனம் இளகி வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றும் அவர் உள்ளுக்குள் நம்பினார். சனிக்கிழமை காலை முழுக்க உழுந்து வடை சுட்டார். நீலக் காஞ்சிபுரம் அலுமாரியிலிருந்து இறங்கியது. எனக்குப் பட்டுப் பாவாடை. பூ, பழம், கற்கண்டு வைத்து ஒரு தட்டம். அப்பா எங்கள் வீடிருந்த இல்ஃபோர்டிலிருந்து லூயிஷாம் வரை காரோட்டினார். வந்து சேர்ந்ததும், இரட்டை மஞ்சள் கோடு, கார் நிறுத்தக் கூடாத இடம், இறங்கினால் அபராத டிக்கெட் அடித்துவிடுவான் என்று சொல்லி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்துவிட்டார். அந்த மஞ்சள் கோடு அன்று அவருடைய மானத்தைக் காப்பாற்றியது.

கதவைத் திறந்தவருக்கு அப்பாவின் வயதிருக்கும். நரைத்த தாடி. துணியைவிட ஒட்டுத்துணி கூடிய கறுப்பு ஜாக்கெட். பக்கத்தில் கயிற்றில் கட்டிய ஒரு நாய். அம்மாவின் சேலையையும் தட்டத்தையும் கண்டு மனிதர் திகைத்துப்போனார். பிறகு அங்கிருந்த ஒரே சோபாவிலிருந்து மூன்று பேரை எழுப்பிவிட்டு எங்களை இருத்தினார். அறை முழுக்கக் கறுப்பு உடுப்புகள், உடுப்பு முழுக்கக் கூர் ஆணிகள். மணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன்.

“உவை ஏன் உடுப்புத் தோய்க்கிறேல்லையாம்? கேள் பிள்ளை” என்று அம்மா என் காதுக்குள் சொன்னார். நானும் வெட்கமில்லாமல் கேட்டேன். தாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார், நான் துண்டு துண்டாக மொழிபெயர்த்தேன். அவர்களுடைய இளம் வயதில் வேலை கிடையாது. வெறுமையாகக் கிடந்த வீடுகளில் புகுந்து இருந்தார்கள். அங்கே தண்ணீரும் இல்லை, கரண்டும் இல்லை. பிறகெங்கே தோய்ப்பது? அழுக்கு பாண் ரொட்டியின் மேலோடு மாதிரிக் காய்ந்து நின்றது, அதனால் ஆங்கிலத்தில் அந்த மேலோட்டுக்குச் சொல்லும் ‘கிரஸ்ட்’ என்ற பெயரே அவர்களுக்கும் அவர்கள் பாட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. கிழிந்த இடத்தைப் பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலால் தைத்தார்கள், அது இலேசில் அறாது. அந்த நாட்களில் எந்த நேரமும் அணுகுண்டு விழலாம் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்களாம். அதனால் பங்க் இசையின் கோபத்தையும் மெட்டல் இசையின் பாரத்தையும் ஒன்றாகப் பிசைந்து, யுத்தம் வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தத் தொடங்கினார்களாம்.

அம்மாவிடம் இதில் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் இவர்கள் இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பாலும் தொடமாட்டார்கள் என்றதும் அவருடைய முகம் மாறிவிட்டது. “பாலும் இல்லையோ! அப்ப இவை எங்கட கோயில் ஐயரை வெண்டிட்டினம்” என்றார். வடைச் சட்டி அறையைச் சுற்றி வருவதற்குள் காலியானது. நாய்க்கும் ஒன்று கிடைத்தது.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். தலையின் இரண்டு பக்கமும் மழித்திருந்தாள். எங்களைக் கண்டதும் என்னை முறைத்த முறைப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குளிருகிறது. அம்மா ஒன்றும் நடக்காதது போல எழுந்து தட்டத்தை நீட்டினார். அக்கா அந்த ஆணி ஜாக்கெட்டோடு குனிந்து அம்மாவின் காலைத் தொட்டாள். பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அதன் பிறகு விளக்குகளைக் குறைத்தார்கள். பாட்டுக்கு முன்னால் ஸ்பீக்கரில் ஒரு அபாயச் சங்கு ஊதியது. அது ஓய்வதற்குள் எங்கேயோ தூரத்தில் ஒரு இரைச்சல், வரவரக் கிட்ட வந்தது.

அம்மா என் தலையைப் பிடித்து அமுக்கினார். அடுத்த நொடி நான் தரையில் கிடந்தேன், அம்மா எனக்கு மேலே கிடந்தார், காஞ்சிபுரம் எங்கள் இருவரையும் மூடியிருந்தது. அவருடைய உள்ளங்கை என் காதை இறுக்கிப் பொத்தியது. எனக்கோ ஒரே குதூகலம். இந்தப் பாட்டை இப்படித்தான் கேட்க வேண்டும் போல என்று நினைத்துச் சிரித்தேன். மற்றவர்களுக்கும் அதே நினைப்பு. தாடிக்காரர் நாயோடு எங்கள் பக்கத்தில் படுத்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் சில பேர் படுத்தார்கள். டிரம்ஸில் விழ வேண்டிய முதல் அடி விழவில்லை. அக்கா டிரம்ஸை விட்டு ஓடி வந்தாள்.

“அம்மா, அது ரெக்கோர்ட்டில வாற சத்தம். எழும்புங்கோ அம்மா.”

அம்மா எழும்பிச் சேலையைத் தட்டினார். “தெரியும். குண்டு போட பொம்மர் பதியக்க உப்பிடித்தான் கேக்கும். உவையள் அதை எங்க கேட்டவை?”

“இவை கேக்கேல்லை. கேட்ட சனத்துக்காகக் கத்துகினம். எங்கட வீட்டில ஆர் அதைப் பற்றி வாய் திறக்கிறது? நான் எத்தினை தரம் கேட்டிருப்பன்?”

உண்மைதான். சுவாமி அறையில் மாலை போட்ட படத்திலிருந்த மாமா, அம்மாவின் தம்பி, எப்படிச் செத்தார் என்று கேட்டால், ஊரில் சண்டைக்குள்ளே என்பதோடு கதை முடிந்துவிடும். அதற்கு மேல் கேட்டால் குசினியில் சட்டிபானைச் சத்தம் கூடும்.

இப்போது அம்மா அக்காவை வீட்டுக்குக் கூப்பிடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் திரும்பவும் சோபாவில் அமர்ந்து, என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “போய் அடி பிள்ளை. நான் இருக்கிறன்” என்றார்.

அடித்தாள். அப்பப்பா, என்ன அடி! அந்த வேகத்தில் என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பாடிய பெண் பாடவில்லை, உறுமினாள். கடைசிப் பாட்டில் அறையே கையை உயர்த்திக் கத்தியது. அப்போது என் முதுகில் அம்மாவின் வயிறு இறுகுவது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடியிருந்தார். வாய் முழுக்கத் திறந்திருந்தது, கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. அந்த இரைச்சலில் ஒரு எழுத்தும் எனக்குக் கேட்கவில்லை. பாட்டு முடியும் வரை அவர் நிறுத்தவேயில்லை. வரி தெரியாமல் அம்மா எப்படிப் பாடுகிறார் என்றுதான் நான் யோசித்தேன்.

முடிந்ததும் சேலைத் தலைப்பால் அக்காவின் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டார், கற்கண்டை அவள் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். வா என்று ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. கூட்டிப் போகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்? அம்மா மறந்தே போய்விட்டார் என்று கோபத்தோடு காரில் ஏறினேன்.

“என்னவாம்? வாறாளோ?” என்று அப்பா கேட்டார். அம்மா வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது, குரல் வரவில்லை. ஹீட்டர் இல்லாத கட்டிடத்துக்குள் போய் இருந்தால் இப்படித்தான் குளிர் பிடிக்கும் என்று அப்பா திட்டிக்கொண்டே காரின் சூட்டைக் கூட்டினார். நானும் அதையே நம்பினேன். அடுத்த கிழமை முழுவதும் அம்மாவுக்கு மல்லித் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், அம்மாவுக்குக் கடும் சளி என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். அம்மா ஒரு தடவையாவது இருமவில்லையே என்று எனக்குத் தோன்றவேயில்லை.