கோவிலில் நான் வைத்த பெரட்டு

சகோதரரே, ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எனக்கு வயிறு எரியும். அந்தக் கதையைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த வருஷத்துத் தபசுகாலம் அது, பாஸ்குவுக்கு முந்தின நோன்பு நாட்கள். தெல்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. எங்கள் தகரக் கூரைக் கோவிலுக்குக் கண்டியிலிருந்து பங்குச் சாமியார் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பூசைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் மணியடித்து, செபமாலை சொல்லி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை ஆள் மேய்ப்பது. தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது நிற்காதவருக்கு அன்றைக்கு வேலை இல்லை; திருப்பி அனுப்பிவிடுவோம். அதையே கோவிலுக்கும் கொண்டுவந்தேன். மணி ஓய்ந்ததும் பேர் வாசிப்பேன். பிந்தினவர்கள் வாசலோடு சரி. ஆரோக்கியம் என்று கொழுந்து பறிக்கிற ஒரு பெண். படுத்த படுக்கையாய்க் கிடந்த புருஷனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு ஓடி வந்தவளை, எல்லாரும் பார்க்கத் திருப்பி அனுப்பினேன். மழை வேறு. அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். சபையை ஒழுங்காக நடத்துகிறேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை.

பிறகு ஒவ்வொருவராகக் கோவிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் நானும் என் மனைவியும் மட்டும். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்தச் சனங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறேனே, ஒருத்தருக்காவது நன்றி உண்டா? சாமியாருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன். ஒரேயொரு பதில் வந்தது. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு வருவாராம். கோவிலில் ஆளில்லாவிட்டால் இனி இங்கே பூசை இல்லையாம். சனங்கள் தெல்தோட்டைக் கோவிலுக்கு நடந்து வரட்டுமாம்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். மலையில் யார் நடப்பது? வயசானவர்களா, பிள்ளைத்தாய்ச்சிகளா? ஆரோக்கியத்தின் புருஷனைப் போலக் கிடப்பவர்கள் சாமியார் கையால் நன்மை என்கிற நற்கருணையை வாங்காமலே சாக வேண்டியதுதான். அவர் மேலும் கோபம், சனங்கள் மேலும் கோபம்.

தினமும் முழந்தாளிட்டேன். "சர்வேசுரா, இவர்களை அடக்கிக் கோவிலில் கொண்டுவந்து நிறுத்தும்." இதுதான் என் செபம். வாரங்கள் போயின. ஒருவரும் வரவில்லை. கடைசியில் சர்வேசுரன் மேலேயே கோபம் வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த சர்வேசுரன், குதிரையில் வந்து பெரட்டைப் பார்வையிடுகிற பெரிய துரைதான். வேறு ஒருவரை நான் அறிந்திருக்கவில்லை.

குருத்து ஞாயிறு, பாஸ்குவுக்கு முந்தின வாரம். மணியடித்து அடித்துக் கை வலித்ததுதான் மிச்சம். பேர்ப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்ப்பதென்று, தோட்டத்துச் சனங்கள் குடியிருக்கும் லயங்களுக்கு இறங்கினேன்.

கடைசி லயத்தின் கோடி அறையிலிருந்து செபமாலைச் சத்தம் கேட்டது. அது ஆரோக்கியத்தின் காம்பரா. உள்ளே இடமில்லாமல் இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் சனங்கள் முழந்தாளில் இருந்தார்கள். என் புத்தகத்திலிருந்த அத்தனை பேரும்! நடுவில் அந்த நோயாளி பாயில் படுத்தபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். யாரைக் கேட்டு இங்கே கூடினீர்கள் என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் ஆரோக்கியத்தின் குரல் கேட்டது.

"எப்பவும் போல, கணக்கப்புள்ள ஐயாவுக்காக ஒரு பரலோக மந்திரம். அவரு மனசு எளகணும். நாம கோயிலுக்குத் திரும்பிப் போவணும்."

எப்பவும் போல! நான் அவர்களைத் திட்டித் தீர்த்த வாரமெல்லாம் அவர்கள் எனக்காக மன்றாடியிருக்கிறார்கள். என் மனைவிக்கும் இது தெரியுமாம். என் வாய்க்குப் பயந்து சொல்லவில்லை. என்னைக் கண்ட சனங்கள் பயந்து எழும்பப் பார்த்தார்கள். ஆரோக்கியம் எழும்பவில்லை.

"பிந்தி வந்துட்டீங்க, ஐயா," என்றாள். "பரவாயில்ல. உள்ளுக்கு வாங்க."

நகர்ந்து இடம் விட்டாள். நான் அழுதுகொண்டே முழந்தாளிட்டேன்.

சாமியார் வந்த ஞாயிறு கோவில் நிரம்பி வழிந்தது. நோயாளியைக் கதிரையில் வைத்துத் தூக்கி வந்தோம். ஒரு பக்கம் நான் பிடித்தேன்.

"இவ்வளவு பேரை எப்படிச் சேர்த்தீர்?" என்று சாமியார் கேட்டார்.

"நான் விரட்டினேன், சாமி. இவள் சேர்த்தாள்," என்று ஆரோக்கியத்தைக் காட்டினேன்.

அன்றிலிருந்து ஆரோக்கியம் செபமாலை தொடங்குகிறாள். நான் பதில் சொல்கிறேன். அவள் புருஷன் நன்மை வாங்கி, இரண்டு மாதம் கழித்து நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

என் குணம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. இன்றைக்கும் மணி ஓய்ந்த பிறகு யாராவது வந்தால் சுருக்கென்று கோபம் வரும். அந்தக் கோபத்தோடேயே எழுந்துபோய் அவர்களுக்கு என் இடத்தைக் கொடுக்கிறேன். ஆண்டவர் என் செபத்தைத் தள்ளி, அவர்கள் செபத்தைக் கேட்டாரே, அதற்காக அவருக்குத் தோத்திரம். பிந்திவிட்டோம், இனி எந்த முகத்தோடு போவது என்று வெளியே நிற்கிறவர் உங்களில் யாராவது இருந்தால், என்னைப் பாருங்கள். பரவாயில்லை. உள்ளுக்கு வாங்க.