யார் திறந்தாலும் பெயர் விழும்

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் நோட்டுகள் என் பொறுப்பில் இருந்தன. இனி எல்லாம் கம்ப்யூட்டரில்தான், நீயே பார்த்து ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடு என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் ஒரு பெண். வடக்கனந்தல்காரி. வலிப்புக்கு மாதாமாதம் மாத்திரை வாங்க வருவாள். அதற்கு முந்தைய வருஷம் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் வந்து, "பொண்ணுக்கு நான் தாய்மாமங்க. இன்னா மாத்திரைன்னு பாத்து சொல்லுங்க, வாங்கினு போறேன்" என்றார். ஊரும் அப்பா பெயரும் சரியாக இருந்தன. புத்தி கெட்டவள் நான், நோட்டைப் புரட்டி நோயையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். அவர் அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்! பெண்ணெடுக்கும் முன் ஆஸ்பத்திரியிலும் ஒரு வார்த்தை விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம், தெரிந்தும் ஏமாந்தேன். கல்யாணம் நின்றுபோனதை அடுத்த மாதம் அந்தப் பெண்ணே அழுதுகொண்டு சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

முதலில் வந்த விற்பனைக்காரர், "எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு மேடம், யார் வேணா எதை வேணா பாக்கலாம்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முதல்ல கெளம்புங்க" என்றேன். இரண்டாவது ஆள் காட்டியதில் ஆளுக்கொரு பாஸ்வேர்டு. மருந்துக்கடைக்கு மாத்திரை மட்டும் தெரியும். யார் எதைத் திறந்தாலும் திறந்தவர் பெயர் அந்தப் பக்கத்திலேயே விழும். "அத்தினி பாஸ்வேர்டு யாருக்கா ஞாபகம் வச்சிக்கினு இருக்கறது?" என்று நர்சுகள் முணுமுணுத்தார்கள். டாக்டரம்மாவிடம் மல்லுக்கு நின்று அதையே வாங்க வைத்தேன்.

அந்தப் பெண் வந்தபோது புதுத் திரையை எட்டிப் பார்த்தாள். எலவனாசூர்கோட்டையிலிருந்து அவளுக்கு வேறு வரன் வந்திருந்தது.

"இதுல யாராச்சும் பாத்தா தெரிஞ்சிடுமாக்கா?"

"பேர் விழுந்துடும்மா."

"அன்னிக்கே இது இருந்தா எவ சொன்னான்னு தெரிஞ்சிருக்கும்."

"நாந்தாம்மா சொன்னேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "மாத்திரைச் சீட்ட குடுங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. மாத்திரை தீர்ந்திருக்குமே, எங்கே வாங்குகிறாளோ என்று தவித்தேன். வந்துவிட்டுப் போனாளோ என்று தினமும் அவள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அங்கே என் பெயர் மட்டும்தான் விழுந்தது.