மின்னாவின் சிவப்புத் துண்டு

வில்யாண்டி ஊரில் சல்மே வீட்டுச் சன்னலில் நீலத் திரை, அவள் இடுப்பில் கறுப்பு ஏப்ரன், மேசையில் வெள்ளை விரிப்பு. மூன்றும் ஒரே கொடியின் துண்டுகள் என்று தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சோவியத் ஆட்சியில் எஸ்தோனியாவின் அந்த மூன்று நிறங்களும் சேர்ந்து கண்ணில் பட்டாலே வம்பு. அவள் கணவன் ஆர்னோவைச் சைபீரியாவுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. "கொடிய அடுப்புல போட்டுடு" என்று அவன் கடைசியாகச் சொன்னதை மட்டும் சல்மே கேட்கவில்லை. தையலைப் பிரித்தாள், அவ்வளவுதான். பிடிவாதக்காரி.

ஆனால் அழுக்கு யாரை விட்டது? துவைத்துப் பொதுக் கொல்லையில் உலர்த்தும்போது கை தானாக நீலம், கறுப்பு, வெள்ளை என்று கயிற்றில் போட்டுவிடும். எஸ்தோனியர்களைத் தவிர வேறு யாருக்கு இந்தத் தப்பு வரும்! அவளுக்கு அது உறைத்ததே இல்லை. உறுத்தியதெல்லாம் பக்கத்து வீட்டு மின்னாவின் சிவப்புத் துண்டுதான். எப்போது பார்த்தாலும் நடுவில் வந்து தொங்கும்.

"ஏண்டி, உன் கயிறு அறுந்தா போச்சு?"

"இங்கதான் வெயில் நல்லா அடிக்குது."

"வெயிலா? நம்ம ஊர்லயா?"

மின்னாவின் தம்பிக்குக் கட்சி அலுவலகத்தில் வேலை. வேவு பார்க்கத்தான் வருகிறாள் என்று சல்மே முடிவுகட்டிவிட்டாள். ஒரு காபிக்குக்கூட அவளைக் கூப்பிட்டதில்லை.

1988 கோடையில் காற்று மாறியது. தலைநகர் தாலினின் பாட்டுத் திடலில் ஜனங்கள் ஒளித்துவைத்த கொடிகளோடு கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட சல்மே, மூன்று துணிகளையும் எடுத்துத் தைக்க உட்கார்ந்தாள். நீலம் வெளுத்திருந்தது, வெள்ளையில் பீட்ரூட் கறை. முடியப்போகும் நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு மின்னா வந்து நின்றாள். சல்மே கொடியை மடியில் சுருட்டினாள்.

மின்னா சிவப்புத் துண்டை மேசைமேல் வைத்தாள்.

"இனிமே இது வேண்டாம்ல?"

"என்னடி சொல்ற?"

"லூசு! மூணையும் வரிசையா காயப்போடுவியே, தெருவுல போறவன் பாத்தா என்ன ஆவுறது? அதான் நடுவுல சொருகுவேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மாத்திப் போட்டுருப்பே. துண்டப் போடறதுக்கு முன்னாடி நான் அந்த மூணு நிறத்தையும் ஒரு நிமிஷம் நின்னு பாத்துக்குவேன். அதுவும் போயிருக்குமே."

சல்மேவுக்கு வெட்கமாக இருந்தது. ஊசியை அவளிடம் நீட்டினாள்.

"மிச்சத்த நீ தை. நான் காபி போடறேன்."