தூதன் இழுத்த கயிறு

ஈச்சவிளைக் கோவிலில் ஒரு தேவதூதன் மணி அடித்தான் என்று ஒரு பேச்சு உண்டு.

பாறசாலைச் சந்தையில் கேட்டாலும் சொல்வார்கள், பொழியூர் கடப்புறத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஐம்பத்துநாலாம் வருஷம் ஐப்பசியில் புயல் வந்த சாயங்காலம், ஆள் தொடாமல் மணி அடித்ததாம். சத்தம் கேட்ட சனமெல்லாம் கோவிலுக்குள் ஓடி உயிர் தப்பியதாம். கோவில் என்றால் இந்தப் பக்கத்துப் பழைய மிஷன்காரர்களுக்குத் தங்கள் கிறிஸ்தவ ஆலயம்தான். மற்றவர்கள் அதைப் பள்ளி என்பார்கள். தூதனுக்குச் சாட்சி என்ன என்று கேட்டால், கெட்டியான சாட்சியே வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்த மணியில் கயிறு கிடையாது. கயிறு போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. கயிறில்லாத மணியை மனுஷன் எப்படி அடிப்பான்?

நியாயமான கேள்விதான். பதிலைத் தேடிப் போனால் வழி பரலோகத்துக்குப் போகவில்லை. கோவிலுக்குத் தெற்கே, மரச்சீனிக் கிழங்கு நட்ட விளையைத் தாண்டி, செல்லையன் வீட்டு முற்றத்தில் போய் நிற்கிறது.

செல்லையன் கோவில்குட்டி. கோவிலைப் பெருக்கி, பாய் விரித்து, விளக்குத் துடைத்து, மணி அடிக்கிற வேலை. சபைப் பெண்கள் உலையில் அரிசி இடும் முன் ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்து ஒதுக்குவார்கள். அந்தப் பிடியரிசியில் மாசம் எட்டுப் படி அவனுக்குச் சம்பளம். அதில் கல் எவ்வளவு கிடக்கும் என்பது அந்தந்த வீட்டுப் பக்தியைப் பொறுத்தது.

அந்த மணியில் அவன் கைக்கு மூன்று பாஷை தெரியும். ஞாயிறு மணி, கல்யாண மணி, சாவு மணி. சாவு மணி என்றால் ஒரே ஒரு அடி. அதன் நாதம் முழுக்க அடங்கின பிறகுதான் அடுத்தது. அது கேட்டால் ஈச்சவிளையில் கொதிக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டு வருவார்கள். வேலித் தகராறில் பத்து வருஷம் முகம் பார்க்காதவன்கூட வந்து நின்று "ஆரு?" என்று கேட்பான். உயிரோடிருக்கும்போது எட்டிப் பார்க்காத சபைக்குச் செத்தவன்மேல் அவ்வளவு பிரியம்.

அந்த வருஷம் ஆடியில் நாலாவதாக ஒரு பாஷையும் சேர்ந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி ஊரெல்லாம் ஊர்வலம். தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு போலீஸ் வீடு வீடாக நுழைந்தது. போலீஸ் வண்டி முக்குத் திரும்பினால் செல்லையன் மணியை விடாமல் படபடவென்று அடிக்க வேண்டும். ஆண்பிள்ளைகள் விளைக்குள் ஓடி ஒளிய வேண்டும். இது சபைக் கமிற்றியின் ஏற்பாடு. எழுத்தில் எதுவும் இல்லை. கமிற்றிக்கு எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்பது நன்றாகத் தெரியும்.

இரண்டு வாரத்தில் ஏட்டு ராஜப்பனுக்கு விஷயம் பிடிபட்டது. நேரே கோவிலுக்கு வந்து, நாலாள் உயரத்துக் கல்தூண்களின் நடுவே தொங்கிய மணியை அண்ணாந்து பார்த்தார்.

"மணி இவிடெ கிடக்கட்டே. கயிறு மாத்ரம் மதி" என்றார்.

கயிறு ஒன்று, நீளம் பதினெட்டு முழம் என்று எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, அதே கயிற்றால் சபை வாலிபர் மூன்று பேரைக் கையோடு கை சேர்த்துக் கட்டி நெய்யாற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போனார். எத்தனையோ வருஷமாக அந்தக் கயிறு சபையாரை ஒன்றுசேர்க்கப் பாடுபட்டது, அன்றைக்குத்தான் முடிந்தது.

இனி மணி அடித்தால் கமிற்றி மொத்தமும் ஜெயிலுக்கு என்று உத்தரவு. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லையன் மேடும் பள்ளமுமாக நாற்பத்துமூன்று வீட்டுக்கும் நடந்து போய்க் கூப்பிட்டான். முதல் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து தூங்கி எழுந்திருக்கும்போது கடைசி வீட்டுக்காரர் வருவார்.

ஐப்பசியில் அந்த நாள் வந்தது. பொழுது சாயத் தொடங்கின நேரம் பொழியூர் மீன்காரி புஷ்பபாய் கூடையோடு வந்தாள். கூடைக்குள் மீன் இல்லை. கால் கட்டின மூன்று கோழி இருந்தது.

"எங்க போற?" என்று கேட்டாள் செல்லையன் பெண்டாட்டி ஞானபாய்.

"பெருங்கடவிளைக்கு, அக்கா வீட்டுக்கு. வள்ளத்தை எல்லாம் தென்னந்தோப்புக்குள்ள இழுத்துக் கேற்றியாச்சு. ரேடியோவில சொல்லியாச்சாம். அந்திக்குள்ள காத்து கரைக்கு வந்துரும். நீங்க இன்னும் மரச்சீனி அவிச்சிட்டிருக்கியளா?"

செல்லையன் வெளியே வந்து காது கொடுத்தான். மூன்று மைலுக்கு அப்பால் இருக்கிற கடல், பக்கத்து விளையில் இருப்பதுபோல் கேட்டது. ஓடைக்கரையில் இருந்த நாற்பத்துமூன்று வீடும் ஓலைக்குடில். கல்லுச்சுவரும் ஓடும் கோவிலுக்கு மட்டும்தான். வீடு வீடாகப் போக ஒரு காலைப்பொழுது வேண்டும். கையில் இருந்தது ஒரு மணி நேரம்.

எலியா உபதேசியார் கோவிலுக்குள் இருந்தார். ஈச்சவிளைக்குப் பிரசங்கமும் அவர்தான், கமிற்றிக்குத் தலையும் அவர்தான்.

"உபதேசியாரே, மணி அடிக்கணும்."

"கயிறு இல்லியே."

"கயிறு கிடைக்கும்."

"உத்தரவு உண்டு, தெரியும் இல்லியா? நாம ஜெபிப்போம் செல்லையா. கர்த்தர் நினைச்சா ஆளுகளக் கூப்பிட்டுக் கொண்டுவருவார்."

"கூப்பிடத்தானே என்னை எட்டுப் படிக்கு வச்சிருக்கு?"

உபதேசியார் உடனே முழங்கால் போட்டுவிட்டார். முழங்காலில் நிற்கிறவரோடு தர்க்கம் செய்ய சபை ஒழுங்கில் இடமில்லை.

பதினெட்டு முழக் கயிறு அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே கிணற்றில். விஜயம்மாவின் கிணறு. கோவில் மதிலுக்கு வடக்கே வீடு. அவள் புருஷன் சதாசிவன் எதிர்ப்பக்கத்து ஐக்கிய கேரளக் கூட்டங்களுக்குத் தோரணம் கட்டுகிறவர். கோவிலுக்கும் அந்த வீட்டுக்கும் இடையில் அந்த வருஷம் சிரிப்புகூடப் போய்வரவில்லை.

"விஜயம்ம அக்கா, கிணத்துக் கயிறு ஒண்ணு தரணும்."

"எந்தினா? கழுத்துல கெட்டவா?"

"மணியில கெட்ட. காத்து வருது."

அவள் வானத்தைப் பார்த்தாள். மேற்கே செம்பு களிம்பு பிடித்த நிறம்.

"என்றெ ஆளு அறிஞ்சா என்னைக் கொல்லும்" என்று சொல்லிக்கொண்டே வாளியை அவிழ்த்தாள். "கொண்டு போ. நாளைக்குக் காலத்த திரிச்சுத் தரணும், கேட்டியா? எனக்குக் குடிக்க வெள்ளம் கோரணும்."

"தந்துருவேன் அக்கா. கோவில் வாங்கினது மாதிரியாக்கும்."

தூணில் ஏறி, மணியை ஆட்டும் கைக்கம்பியில் கயிற்றைக் கட்டி, இறங்கி நின்று செல்லையன் அடித்தான். அவசரம் என்பதால் படபடவென்று அடித்தான்.

ஊர் உடனே கேட்டது. குடிலுக்குக் குடில் ஆண்பிள்ளைகள் வெளியே பாய்ந்தார்கள். பாய்ந்து, கோவிலுக்கு நேர் எதிராக, மரச்சீனி விளைக்கும் பனங்கூட்டத்துக்கும் ஓடினார்கள். பெண்கள் தட்டியை இழுத்துச் சாத்தினார்கள். போலீஸ் வருகிறது என்று ஊருக்குக் கற்றுக்கொடுத்த கை செல்லையனுடைய கைதானே.

"ஓடாதீங்கலே! காத்தாக்கும் வருது! போலீசு இல்ல!"

காற்று அந்தச் சத்தத்தை வாயிலேயே பிடுங்கிக்கொண்டது. மேற்கு ஓரத்தில் ஒரு பனை நடுவில் ஒடிந்து விழுந்தது. செல்லையன் கயிற்றை இறுக்கிப் பிடித்து மணியின் ஆட்டத்தை நிறுத்தினான். பிறகு ஒரே ஒரு அடி அடித்தான். நாதம் அடங்கட்டும் என்று காத்தான். அடுத்த அடி.

பத்தாவது அடிக்குள் முதல் ஆள் வந்தாயிற்று.

"ஆரு? ஆரு போனது?"

"உள்ள வா, சொல்லுதேன்."

தட்டிகள் திறந்தன. விளைகளிலிருந்து ஆட்கள் எழுந்தார்கள். வயதானவர்களை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி அப்பன் போய்விட்டார் என்று மாரில் அடித்து அழுதபடி வந்தாள், அந்த அப்பன் அவளுக்குப் பின்னாலேயே மகன் தோளில் இருந்து, "எலே, ஆருலே செத்தது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஞானபாயின் தம்பி ஈசாக், மூன்று மாசமாகப் போலீசுக்குப் பயந்து காட்டில் கிடந்தவன், முழங்கால் வரை சேற்றோடு ஓடி வந்தான். அவன் அம்மா நோக்காட்டில் கிடந்தாள்.

"அம்மையா? அத்தான், சொல்லும், அம்மையா?"

"உள்ள போ மக்கா."

அம்மா உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தாள், ஞானபாய் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

கடைசி ஆளும் உள்ளே வந்ததும் செல்லையன் கதவை அடைத்துக் குறுக்கு மரத்தை இட்டான். எலியா உபதேசியார் முழங்காலிலிருந்து எழுந்து வந்தார்.

"செத்தது ஆரு?"

"இதுவரைக்கும் ஆரும் இல்ல" என்றான் செல்லையன்.

அதற்குள் காற்று வந்துவிட்டது.

விடியும்வரை ஜெபித்தார்கள். ஓடு பறந்து மழை உள்ளே இறங்கின இடத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து ஜெபித்தார்கள். ஒருவன் தன் ஆட்டுக்காக, ஒருத்தி தன் நெல்லுக்குதிருக்காக. ஒரு மூப்பர், இந்தக் காற்றை அப்படியே வடக்கே திருப்பித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோம் ஆண்டவரே என்று உரக்கக் கேட்டார். நாலு பேர் ஆமென் சொன்னார்கள். வடக்கே இருந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பது தெரியாது. நடு நடுவே, பொய்ச் சாவு மணி அடித்த பாவத்துக்காக மன்னிப்புக் கேட்டு உபதேசியார் ஒரு ஜெபம் வைத்தார். மன்னிப்பு செல்லையனுக்கு, சத்தமாக.

விடிந்தபோது நாற்பத்துமூன்றில் ஒன்பது குடில் நின்றது. ஆள் ஒன்றும் குறையவில்லை. சாவுக்கென்று வந்து சாவைப் பார்க்காத சனத்துக்கு, இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வீடு போன கோபமும் அதோடு சேர்ந்துகொண்டது.

விழுந்த மரங்களைத் தாண்டி ஏட்டு வருகிறார் என்று தகவல் வந்தது. உபதேசியார் வேகமாகச் செல்லையனிடம் வந்தார்.

"கயிறை அவுரு. ஓடையில போடு."

"அது விஜயம்ம அக்காவுக்கது. காலத்த குடுக்கணும்னு சொல்லி வாங்கினது."

"கமிற்றி எட்டு பேரு உள்ள போகணுமா? போடுலே!"

செல்லையன் தன் கையாலேயே போட்டான். ஓடை செம்மண் நிறத்தில் இரு கரையும் பொங்கிப் போனது. கயிறு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு பூவார்ப் பக்கம் பார்த்துப் போய்விட்டது.

"ஆரா மணி அடிச்சது?" என்றார் ஏட்டு.

"கயிறு இல்லியே சார். பாருங்க. கயிறு நீங்க கொண்டுபோனதாக்கும்" என்றார் உபதேசியார்.

ஏட்டு அண்ணாந்து பார்த்தார். அவருக்கும் சங்கடம் இருந்தது. தான் கயிற்றை எடுத்து வாயடைத்த மணி மறுபடியும் பேசியது என்று மேலே எழுத முடியுமா? காற்று பலமாக அடித்ததால் மணி தானே ஆடியது என்று எழுதினார். எழுதி முடித்துத் திரும்புகையில், பாயில் அம்மாவுக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஈசாக் கண்ணில் பட்டான். வந்த காரியம் வீணாகவில்லை.

ஏட்டோடு போகும்போது ஈசாக் செல்லையனைத் திரும்பிப் பார்த்தான். சொன்னது ஞானபாய்.

"என் தம்பிய மணியடிச்சு வரவழைச்சு ஏட்டு கையில குடுத்தியளே."

ஈசாக் நாலு மாசம் கழித்து வந்தான். பிறகு எல்லை பிரிந்து ஈச்சவிளை கேரளத்தில் நின்றபோது, களியக்காவிளை தாண்டித் தமிழ்ப் பக்கம் குடிபோனான். அக்காவைப் பார்க்க வருவான். அத்தான் வெளியே போன நேரம் பார்த்து.

ஏட்டின் காற்று, கிறிஸ்துமஸ் வருவதற்குள் சபையில் தூதனாகிவிட்டது. ஜனவரியில் கூடிய கமிற்றிப் புத்தகத்தில் ஒரே நாளில் இரண்டு தீர்மானம் உண்டு. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம், மை கொஞ்சம் படர்ந்திருக்கிறது. ஒன்று: புயல் நாளில் மனுஷர் கை படாமல் மணி அடிக்கப்பட்ட அற்புதத்துக்காக வருஷந்தோறும் ஸ்தோத்திர ஆராதனை நடத்துவது. இரண்டு: அன்றைய தினம் பொய்யாகச் சாவு மணி அடித்த செல்லையனை ஆறு மாசம் திருவிருந்திலிருந்து விலக்குவது. இரண்டையும் எழுதியது ஒரே கை, எலியா உபதேசியாருடையது. அப்படியானால் மணி அடித்தது ஆர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

செல்லையன் ஒரு தடவை கேட்டுப் பார்த்தான். "தூதன்னே இருக்கட்டு உபதேசியாரே. அந்த அக்காவுக்கு ஒரு கயிறு மட்டும் வாங்கிக் குடுத்திருவோம்."

"எந்தக் கயிறு?" என்றார் உபதேசியார்.

அதுதான் சிக்கல். கயிறு கொடுத்தால், கயிறு இருந்ததாகும். கயிறு இருந்தால் தூதன் இல்லை.

செல்லையன் இரண்டு மாச அரிசியை விற்று, புதுக் கயிறு பதினெட்டு முழம் வாங்கி, விஜயம்மா முற்றத்தில் கொண்டு வைத்தான். அவள் அதுவரை பழைய முண்டுகளை முறுக்கி முடிச்சுப் போட்டுத் தண்ணீர் கோரிக்கொண்டிருந்தாள். புருஷனுக்குப் பதில் சொன்னது தனி.

"இது ஆரு தந்தது?"

"நான்தான் அக்கா."

"நீ உன்றெ வீட்டுக்கா வாங்கினே? பள்ளிக்கு வேண்டியல்லே வாங்கினே? பள்ளி தரட்டே. எட்டு பேரும் என்றெ முற்றத்தில வந்து, வாங்கினோம், இந்தா என்று சொல்லித் தரட்டே. நீ உன்றெ கயிறை எடுத்துட்டு வீட்டுக்குப் போ."

எடுத்துக்கொண்டு வந்தான். அது இப்போது செல்லையன் வீட்டு மாட்டின் கழுத்தில் கிடக்கிறது.

எல்லை பிரிந்து எட்டு வருஷமாகிறது. ஏட்டு ஓய்வு பெற்றுப் போனார். ஐப்பசி தோறும் ஸ்தோத்திர ஆராதனை முறையாக நடக்கிறது. தூதனுக்கு நன்றி சொல்ல சனத்தைக் கூப்பிட்டு, கமிற்றி வாங்கின புதுக் கயிற்றில் மணி அடிக்கிறவன் செல்லையன்தான். அதே எட்டுப் படிக்கு. அடித்துவிட்டு வடக்கு மதிலோரமாக நடந்து வருவான். வேலிக்கு அந்தப் பக்கம் விஜயம்மா நின்று கேட்பாள்.

"செல்லய்யா, என்றெ கயிறு?"

"தருவாங்க அக்கா."

"எப்போழா?"

"கமிற்றி கூடட்டு."