கயிற்றுக்காரிக்கு ஒரு ஓட்டு

கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போயிருந்த என் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது எனக்கு ஒரு காலண்டர் கொடுத்தார். ஆறு தாள்கள். ஐந்தில் பழங்கள். ஆறாவதில் ஒரு சர்க்கஸ்காரி, சிவப்புப் பின்னணியில் கயிற்றின்மேல் நடந்துகொண்டிருந்தாள். மெக்சிகோ நாட்டு ஓவியர் ஒருவர் எண்பது வயதைக் கடந்தபின் வரைந்தது என்று கீழே அச்சிட்டிருந்தது. அந்த வயதில் என் கை என்ன நடுக்கம் நடுங்குமோ என்ற கவலையோடு, அந்தத் தாளை மட்டும் கண்ணாடி போட்டு இராமநாதபுரம் வீட்டு முன்னறையில் மாட்டினேன். பாம்பனில் சாலைப் பாலம் திறந்த மறு வருடம் அது.

அவளுக்கு இரண்டு கையிலும் சேர்த்து ஏழு விரல்கள். மூன்று நாள் எண்ணினேன், ஏழுதான். மூக்கும் இல்லை.

என் மனைவிக்குப் படம் பிடிக்கவில்லை. பேசிப் பேசி ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தாள். வீட்டுக்கு வருகிற பத்துப் பேரில் ஒருவருக்காவது பிடித்தால் படம் இங்கே இருக்கலாம்; இல்லையென்றால் பரண்.

பால்காரர், "மூக்கு எங்க சார்?" என்றார். தங்கச்சிமடத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா கூடையை இறக்காமலே பார்த்தார். "இம்புட்டுக் காஞ்சவளுக்குக் கயிறு எதுக்கு? நூலே போதுமே." இப்படியே ஒன்பது பேர். மனைவி பரணில் இடம் ஒதுக்கிவிட்டாள். எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்தாவதாக வந்தவன் என் தம்பி. பாம்பன் ரயில் பாலத்தில், கடலுக்குமேல் நடந்து தண்டவாளத்தைச் சோதிப்பது அவன் வேலை.

"அண்ணே, அங்கன காத்தடிக்குது."

"எங்கடா?"

"படத்துலதான். பாதத்தைப் பாருங்க, கோணலா வச்சிருக்கா. உடம்பு காத்துப் பக்கம் சாஞ்சிருக்கு. பாலத்துல நாங்க இப்படித்தான் நடப்போம். நிமிந்தோம்னா கடல்தான்."

"விரல் ஏழுதானே இருக்கு?"

"விரலாலயா நடக்குறா?"

மனைவி குறுக்கிட்டாள். "பிடிச்சிருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க கொழுந்தனாரே."

"எனக்கே குடுத்துருங்க மதினி. எங்க வீட்டுல மாட்டிக்கிறேன்."

"தாராளமா! பிடிச்சவுக வீட்டுலயே இருக்கட்டும்." படத்தை இறக்க ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டாள்.

"இங்க இருக்கலாம்னுதானே பேச்சு!" என்று பதறி, படத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

தம்பி சிரித்தான். "சரிண்ணே, நானே வந்து பாத்துட்டுப் போறேன்."

வந்தான். முதல் வருடத்தில் மட்டும் இருபத்து மூன்று தடவை, எல்லாம் சாப்பாட்டு வேளையில்.

"படம் பாக்க வாரவருக்கு எத்தனை மீன்தான் ஆயிறது?" என்று அடுப்படியிலிருந்து மனைவி சத்தம் போடுவாள்.

படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தம்பி சொல்வான்: "இன்னைக்குக் காத்து ஜாஸ்தி மதினி. ஒரு துண்டு கூட வைங்க."