பூவைப் பிடித்திருந்த விரல்கள்

திருக்கை முள் என் வலது புறங்காலில் ஏறியபோது மார்கழி மழை இன்னும் விட்டிருக்கவில்லை. மண்கும்பானில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடல்தான். இடுப்பளவுத் தண்ணீர். முப்பது வருசமாக நான் நடந்து வலை இழுக்கிற இடம். முள்ளைப் பிடுங்கிப்போட்டு, காலைச் சுடுதண்ணீரில் வைத்தால் இரண்டு நாளில் சுகம் வந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிறது. புண் உள்ளுக்குள்ளே பழுத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஆசுப்பத்திரியில் கிடந்து, வெட்டித் துப்புரவாக்கி, வீட்டுக்கு வரத் தை மாதம் ஆகிவிட்டது. மூன்று மாதத்துக்கு அந்தக் கால் நிலத்தில் முட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். வவுனியாவில் ஆசுப்பத்திரி ஒன்றில் தாதியாக வேலை செய்கிறாள். ஒவ்வொரு கிழமையும் வந்து போக ஏலாது. அதனால் என்னிடம் ஒரு வேலை தந்தாள். "அப்பா, காலமையில மருந்து கட்டுறதுக்கு முதல் புண்ணை வடிவாப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ. நான் பாத்துச் சொல்லுறன்."

நான் எடுத்த படங்கள் ஒன்றுகூட உருப்படவில்லை. கிட்டப் போனால் கலங்கியது. தள்ளிப் போனால் புண் தெரியவில்லை, கால்தான் தெரிந்தது. அடுத்த முறை வந்தபோது மகள் பெரிதாக்கிக் காட்டுகிற ஒரு சின்னக் கண்ணாடி கொண்டுவந்தாள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. உடுப்புக் காயப்போடுகிற கிளிப் மாதிரி ஒரு கவ்வி. அதைப் போனின் கமராவுக்கு மேலே கொளுவிவிட்டு, நாலு விரல் இடைவெளியில் பிடித்தால் புண்ணின் ஓரத்தில் புதுத் தோல் வளருகிறதுகூடத் தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அனுப்புவேன். மகள் மட்டும், "நல்லா வருது அப்பா, நல்ல சிவப்பு" என்று சந்தோசப்பட்டாள்.

காலமையில் வெயில் ஏறுவதற்கு முதல் மனைவி என்னை முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்திவிடுவாள். காலை நீட்டி வைக்க ஒரு வாங்கு. பிறகு மருந்துக்குச் சுடுதண்ணீர் வைக்கக் குசினிக்குள் போவாள். ஒருநாள் அப்படிப் புண்ணைப் படம் எடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, கதிரைக்குப் பக்கத்தில் படர்ந்திருந்த பூசணிக் கொடியில் ஒரு பூ விரிந்திருந்தது. கண்ணாடி இன்னும் போனில்தான் இருந்தது. சும்மா குனிந்து ஒரு படம் எடுத்தேன்.

பூவுக்கு நடுவில் ஒரு மஞ்சள் தண்டு. அதில் மா அப்பினதுபோல மகரந்தம். அதற்குள்ளே ஒரு சிவப்பெறும்பு உடம்பு முழுக்க மஞ்சளாகி நின்றது. ரொட்டிக்கு மா குழைத்துவிட்டு வெளியே வந்த ஆளைப் போல. நான் தனியே இருந்து சிரித்தேன். அந்தப் படத்தையும் மகளுக்கு அனுப்பினேன்.

அன்றிலிருந்து அது பழகிவிட்டது. நாளுக்கொரு இடத்தில் கதிரையைப் போடச் சொல்லுவேன். வசந்தம் என்று எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் சொல்லுவதில்லை. ஆனால் மாரி விட்டு, மாசிப் பனி விழத் தொடங்க, வீட்டைச் சுற்றின வளவில் எல்லாம் ஒரேயடியாகப் பூக்கும். பயற்றங்கொடியில் ஊதாப் பூ. கத்தரியில் தலை குனிந்த பூ, அதன் காம்பில் வெள்ளை மயிர், ஒவ்வொரு மயிரிலும் ஒரு சொட்டுப் பனி. வேலியோரம் செவ்வரத்தை. கிணற்றடியில் பட்டிப்பூ. மணல் நிலமும் நல்ல தண்ணீரும் என்றபடியால் எங்கள் வளவில் எதை நட்டாலும் வரும். ஆனால் இதில் ஒன்றையும் நட்டது நானல்ல. எல்லாம் மனைவியின் வேலை. நான் விடியமுதல் கடலுக்குப் போய், வெயில் ஏற வந்து, சாப்பிட்டுவிட்டு நித்திரை கொள்கிற ஆள். எழும்பினால் கிழிந்த வலை பொத்துகிற வேலை இருக்கும். பயற்றம் பூ ஊதா நிறம் என்பது ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. காயைச் சாப்பிட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

என்னோடு ஒரே போட்டில் தொழில் செய்கிறவர் ஒருநாள் பார்க்க வந்தார். போனை வாங்கிப் படங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள் பூப்படம் எடுக்கிறியள் எண்டு கரையில கதைச்சால் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

"கதைக்காதையும்," என்றேன்.

"கதைக்காமல்?" என்று சிரித்துவிட்டு, போகும்போது முருங்கைப் பூப் படத்தைத் தன்னுடைய போனுக்கு அனுப்பச் சொன்னார்.

ஒரு கரைச்சல் இருந்தது. கதிரையை விட்டு என்னால் எழும்ப ஏலாது. காலமைக் காற்று வேறு கொஞ்சம் இருக்கும். இவ்வளவு கிட்டத்தில் பிடிக்கும்போது பூ ஒரு நூலளவு ஆடினாலும் படம் கலங்கிவிடும். அதனால் மனைவியைக் கூப்பிடுவேன். அவள் கொப்பை என் பக்கம் வளைத்து, காம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"அசையாதையும்."

"நான் அசையேல்லை. கெதியா எடுங்கோ, அடுப்பில பால் கிடக்கு."

"இன்னும் ஒண்டு."

"அந்தப் பூ நாளைக்கும் இருக்கும்."

அப்படிச் சொல்லுவாளே தவிர, விட்டுவிட்டுப் போனதில்லை. கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் காலமை நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் கதைத்தது அந்த மாசியிலும் பங்குனியிலும்தான்.

பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கி இரண்டாம் கிழமை. ஒருநாள் மகள் போனில் கூப்பிட்டாள். வழமையாகப் பின்னேரம்தான் எடுப்பாள். அன்றைக்குக் காலமை வேலைக்குப் போக முதலே எடுத்தாள்.

"அப்பா, அம்மா பக்கத்தில நிக்கிறாவோ?"

"இல்லை. கிணத்தடியில. ஏன்?"

"நேற்று அனுப்பின செவ்வரத்தம் பூவைப் பிடிச்சிருக்கிறது அம்மாவின்ர கைதானே?"

"ஓம். காத்து. அதுதான் பிடிக்கச் சொன்னனான்."

"அந்தப் படத்தைத் திருப்பி எடுத்துப் பாருங்கோ. பூவைப் பாக்காதேங்கோ."

நான் பார்த்தேன். பூவின் சிவப்புக்குப் பின்னால், படத்தின் கீழ்மூலையில், அவளுடைய ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்தன. கண்ணாடி அவற்றையும் பூவைப் போலவே பெரிதாகக் காட்டியது. நடு மூட்டுக்கள் இரண்டும் பாக்குப் போல வீங்கியிருந்தன. அதற்கு மேலே தோல் இழுபட்டு மினுங்கியது. விரல் நேராக இல்லை. காம்பைப் பிடிப்பதற்காக மடக்கின மடிப்பல்ல அது. விரலே அப்படித்தான் நின்றது.

"மற்றப் படங்களையும் பாருங்கோ அப்பா. பயித்தம் பூப் படத்தில மோதிர விரல் தெரியுது. மோதிரத்தைக் காணேல்லை."

ஒவ்வொன்றாகத் தட்டினேன். கத்தரிப் பூ. பாவல் பூ. பட்டிப்பூ. எல்லாவற்றிலும் ஓர் ஓரத்தில் அவளுடைய விரல். ஒரு மாதமாக அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன் நான்தான். எறும்பின் காலில் ஒட்டியிருந்த மகரந்தத்தைக் கண்டவன். போனை மடியில் வைத்துவிட்டு இருந்தேன். காலிலிருந்த நோவு அந்த நேரம் எனக்குத் தெரியவில்லை.

மனைவி வாளியோடு வந்தாள். வாளியின் பிடியை விரலால் பிடிக்காமல் முழங்கையில் கொளுவியிருந்தாள். அதையும் அன்றைக்குத்தான் கண்டேன்.

"இஞ்ச வாரும். கையைக் காட்டும்."

"ஏன்? என்னத்துக்கு?"

"காட்டுமன்."

அவள் கையைச் சட்டையில் துடைப்பதுபோலப் பின்னால் கொண்டுபோனாள். மகள் போனில் சொன்னதைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் இரண்டு கையையும் நீட்டினாள். இரண்டு கையும் ஒரே மாதிரித்தான் இருந்தன.

"மோதிரம்?"

"அலுமாரிக்குள்ள கிடக்கு. சவுக்காரம் போட்டுத்தான் கழட்டினனான். பிறகு போட ஏலாமப் போச்சு." கையை இழுத்துக்கொண்டு, "வயது போனால் எல்லாருக்கும் வாறதுதானே. உங்கட காலைப் பாப்பம் முதல்" என்றாள்.

என் கால் சுகமாகும்வரை தான் ஆசுப்பத்திரிக்கு வரப்போவதில்லை என்று பிடிவாதம் பிடித்தாள். மகள் லீவு எடுத்துக்கொண்டு வந்துதான் அது முடிந்தது. மூன்று பேரும் ஓட்டோவில், என் கட்டுப்போட்ட கால் மகளின் மடியில் கிடக்க, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணத்துக்குப் போனோம். பாலத்தில் காற்று அடிக்கும்போதெல்லாம் மனைவி கைகளைச் சீலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். குளிர் பட்டால் நோகுமாம்.

டொக்டர் இளம் பிள்ளை. அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக அமர்த்திப் பார்த்தார்.

"அம்மா, காலமையில எழும்பினால் விரல் மடக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"ஒரு மணித்தியாலம். பனி எண்டால் கூடவும் எடுக்கும்."

"அதுவரைக்கும் என்ன செய்வீங்கள்?"

"சுடுதண்ணிக்குள்ள கையை வைச்சுக்கொண்டு இருப்பன். பிறகு வேலை தொடங்குவன்."

"எவ்வளவு காலமா?"

"போன வருசக் கோயில் திருநாளுக்கு முதலே தொடங்கீட்டுது."

நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மருந்து கட்டச் சுடுதண்ணீர் வைக்க அவள் நேரத்தோடு எழும்புகிறாள் என்றுதான் அவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இது மூட்டுவாதம் என்றும், மருந்து எடுத்தால் மேலும் பரவாமல் நிற்பாட்டலாம் என்றும், ஆனால் கோணிப்போன விரல்கள் முழுக்க நிமிராது என்றும் டொக்டர் சொன்னார். "இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தால் கஷ்டம்" என்றார். மகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. ஆனால் கேள்வி எல்லாம் ஆசுப்பத்திரியில் வேலை செய்கிறவள் கேட்கிற மாதிரி ஒழுங்காகக் கேட்டாள்.

திரும்பி வரும்போது எனக்குக் கோபம் வந்தது. ஆரோடு என்று எனக்கே தெரியவில்லை.

"எனக்கு ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒருக்காச் சொன்னனான். வாளி இழுக்க ஏலாமக் கிடக்கு எண்டு. நீங்கள் கிணத்துக் கப்பிக்கு எண்ணெய் போட்டனீங்கள்."

மகள் சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். ஓட்டோக்காரன் கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்தான். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. கப்பிக்கு எண்ணெய் போட்ட பின்னேரம், கிறீச்சென்ற சத்தம் நின்றுபோனதில் எனக்கு எவ்வளவு திருப்தி என்பதும் ஞாபகம் இருந்தது.

கிணற்றுக்கு மோட்டர் வைத்தோம். அது மகளின் ஏற்பாடு. மரக்கறி வெட்டுவது, தேங்காய் துருவுவது, இருந்துகொண்டு செய்யக்கூடியதெல்லாம் என்னுடைய வேலை ஆனது. வலை பொத்துகிற கைக்கு வெங்காயம் பெரிய காரியமா என்று நினைத்தேன். பெரிய காரியம்தான். "இது சம்பலுக்கு வெட்டினதோ, மாட்டுக்கு வெட்டினதோ?" என்று அவள் கேட்பாள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது எந்தச் செடிக்கு எவ்வளவு என்று கதிரையில் இருந்தபடி அவள் சொல்ல, நான் ஊன்றுகோலோடு நொண்டி நொண்டிக் குழாயை இழுப்பேன். மிளகாய்க் கன்று இரண்டை மிதித்துவிட்டேன். அதற்கு மூன்று நாள் பேச்சு வாங்கினேன்.

மருந்து வேலை செய்யச் சுணங்கியது. முதல் மாதம் வயிற்றைப் பிரட்டியது, சாப்பாடு இறங்கவில்லை. மருந்தை விட்டுவிடப்போகிறேன் என்று இரண்டு தரம் சொன்னாள். இரண்டு தரமும் மகள் போனில் அழுது மறித்தாள். பாஸ்கு முடிந்து சில நாளில் ஒரு காலமை, சுடுதண்ணீர் வைக்காமலே குசினியில் மா குழைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். "மெதுவாத்தான் குழைக்கிறன்," என்று அவளே சொன்னாள். வீக்கம் நன்றாக வற்றிவிட்டது. இடது கையில் இரண்டு விரல் மட்டும் கோணலாகவே நிற்கின்றன. இனி அவை அப்படித்தான்.

என் புண் அதற்கு முன்பே ஆறிவிட்டது. என்னோடு போட்டில் வருகிற கூட்டாளி இரண்டு தரம் வந்து, "அண்ணை, எப்ப தொழிலுக்கு வாறியள்?" என்று கேட்டார். இன்னும் கால் சரியில்லை என்று சொன்னேன். சரியாகத்தான் இருந்தது. அவரும் அதைக் கண்டிருப்பார்.

வைகாசியில் திரும்பக் கடலுக்குப் போனேன். முதல் நாள் வெயில் ஏற வீட்டுக்கு வந்து, வழமைபோலப் பாயை விரிக்காமல் குசினியில் கதிரையைப் போட்டு இருந்து, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, "இண்டைக்கு என்ன செய்தனீர்?" என்று கேட்டேன். அவள் ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள். கத்தரியில் பூச்சி பிடித்ததிலிருந்து ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் சொன்னாள். எந்த இடத்தில் நித்திரையானேன் என்று எனக்குத் தெரியாது. எழும்பியபோது மத்தியானம். அவள் சோறு போட்டுக்கொண்டு நின்றாள்.

"எதுவரைக்கும் கேட்டனீங்கள்?"

"புடோலுக்குப் பந்தல் போட்டது வரைக்கும்."

"அப்ப பாதிதான்" என்று சொல்லி, சோற்றுக் கோப்பையை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, அதிலிருந்து தொடங்கினாள்.